கழிவறை பார்த்துப் போட்ட கூடாரம்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு கழிவறைக் கோழை.

இருட்டென்றால் பயமில்லை, பேயென்றால் பயமில்லை, மேலதிகாரியிடம்கூட அவ்வளவாகப் பயமில்லை. ஆனால் எங்கே போனாலும் என் கண் முதலில் தேடுவது கழிவறையைத்தான். எத்தனை அடி தூரம், தண்ணீர் வருமா, தாழ்ப்பாள் விழுமா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் மனிதர்களிடம் பேசவே ஆரம்பிப்பேன். பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்துவிட்டேன் என்று என் மனைவி காயத்ரி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். (அபாண்டம். இரண்டையும் ஒரே நேரத்தில்தான் பார்த்தேன். அவள் அறையைத் தாண்டித்தான் வழி.)

இந்தக் கோழைத்தனத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். நஷ்டம் காயத்ரிக்கு.

அவளுடைய அண்ணன் முரளி அமெரிக்காவில், பாலைவனம் தொடங்குகிற ஓர் ஊரில் இருக்கிறார். எங்கள் மகள் யாழினி பிறந்தபோது சிங்கப்பூருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி. இரண்டு ஆள் வேலையை ஒருவராக இழுத்துக்கொண்டிருக்கும் மனுஷன். மறுபடி வர வாய்க்கவில்லை. நாங்கள்தான் போக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் காயத்ரி கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். முதல் வருஷம் வேலை, அடுத்த வருஷம் முதுகுவலி, அதற்கடுத்த வருஷம் பாலர் பள்ளியில் படித்த யாழினிக்குப் பரீட்சை. "சரி, நானும் யாழினியும் மட்டும் போயிட்டு வரோம்" என்றால், "போனா மூணு பேரும் சேர்ந்துதான் போகணும், அதுதான் குடும்பம்" என்று தத்துவம் வேறு பேசுவேன். உண்மைக் காரணம், பதினேழு மணி நேரம் விமானக் கழிவறை. அதை எப்படி வெளியில் சொல்வது? இப்படியே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

அந்த வருஷம் முரளி மச்சான் வீடியோ அழைப்பில் வந்தார். டிசம்பரில் நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறதாம். பக்கத்தில் உள்ள பாலைவனப் பூங்காவில் கூடாரம் போட இடம் எடுத்துவிட்டாராம். எல்லாரும் சேர்ந்து அங்கேதான் தங்கப் போகிறோமாம். கடைசியில் தங்கையைப் பார்த்து, "மாப்பிள்ளை ஏர்கான் இல்லாம ஒரு ராத்திரி தாங்குவாரா?" என்று கேட்டுச் சிரித்தார்.

காயத்ரி சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த தடவ நான் போறேன். நீங்க வரணும்னா ஒரே கண்டிஷன். இங்க பீச்ல ஒரு ராத்திரி டெண்ட்ல தங்கணும். முனகக் கூடாது, வீட்டுக்கு ஓடி வரக் கூடாது. முடியலைன்னா நானும் யாழினியும் மட்டும் போறோம். நீங்க இங்கயே உங்க பாத்ரூமோட சந்தோஷமா இருங்க."

எங்கள் புக்கிட் மேரா வீட்டில் டிசம்பர் மாதம் முழுக்க நான் தன்னந்தனியாக நூடல்ஸ் கிண்டும் காட்சி கண்முன் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒத்திகை என்று வந்தபின் சும்மா விடுகிற ஆளா நான்? அந்தப் பாலைவனப் பூங்காவின் இணையப் பக்கத்தில் வருகையாளர் வசதிகள் என்ற பகுதியை முழுதாக அச்செடுத்தேன். பதினான்கு பக்கம். படிக்கப் படிக்க வேர்த்தது. குடிநீர் இல்லை. குளியலறை இல்லை. செல்பேசித் தொடர்பு இல்லை. நிழல் இல்லை. கழிவறை இரண்டு, இரண்டும் தண்ணீர் இல்லாத குழிக் கழிவறை. சரி, என்னதான் அய்யா இருக்கிறது என்று பார்த்தால், மரமேசை, அடுப்பு, நடைபாதை, இரவில் நட்சத்திரம். இதற்கு ஆள் வரிசையில் நின்று இடம் எடுக்கிறானாம். மஞ்சள் பேனாவால் முக்கியமான வரிகளைக் கோடிட்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர். காலணியைத் தேள் இருக்கிறதா என்று உதறிவிட்டுப் போட வேண்டும். திடீர் வெள்ளம் வரலாம், கவனம். சில இடங்கள் முதலில் வருபவருக்கே.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் வந்து இடம் பிடிப்பதில் சிங்கப்பூரனை அடித்துக்கொள்ள ஆள் உண்டா? எங்கள் உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சாப்பாடு வாங்கி வரலாம். அந்த மேசையில் எவனும் உட்கார மாட்டான். சிங்கப்பூர்ப் பேச்சில் 'சோப்' பண்ணுவது என்று இதற்குப் பெயர். சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம், ஆனால் எல்லாச் சட்டத்தையும்விட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுவது.

ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே கடற்கரைப் பூங்காவுக்குத் தனியாகப் போனேன். முகாம் அனுமதியை முன்பே எடுத்திருந்தேன். பரந்த புல்வெளி, தென்னை மரங்கள், எதிரே கடல். இவற்றில் எதையும் நான் பார்க்கவில்லை. கழிவறைக் கட்டடத்தைக் கண்டுபிடித்து, அதன் வாசலிலிருந்து சரியாக இருபது அடி எண்ணி, அங்கே கூடாரத்தை அடித்தேன். தள்ளுபடியில் வாங்கிய நீலக் கூடாரம். வாசலில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தேன். வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கினேன். அப்படியே நடந்து ஜாலான் புசாருக்குப் போய் ஒரு ஹார்டுவேர் கடையில் சிறிய மண்வெட்டி, கயிறு, ஆபத்துக்கு உதவும் என்று ஒரு விசில், ஒரு மூட்டை கரி, மூன்று பெரிய தண்ணீர்க் கேன். கடைக்காரச் சீனர், "தண்ணி வரலையா வீட்ல?" என்று மலாயில் அனுதாபமாகக் கேட்டார். வீட்டுக்குப் போய் உடை மாற்றினேன். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கழுத்தில் விசில், கையில் அந்தப் பதினான்கு பக்கம் செருகிய கிளிப்போர்டு. கண்ணாடியில் பார்த்தபோது பாலைவனமே என்னைப் பார்த்து நடுங்கும் என்று பட்டது. யாழினி மட்டும், "அப்பா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போனோம். கார்பார்க்கிலிருந்து நான் முன்னால் நடக்க, காயத்ரி பாயும் பையுமாகப் பின்னால் வந்தாள். கழிவறைக் கட்டடம் தெரிந்தது. இருபது அடியில் நீலக் கூடாரமும் தெரிந்தது. அதற்குள் ஆட்களும் தெரிந்தார்கள்.

மூன்று ஆன்ட்டிகள், ஒரு கைக்குழந்தை, ஒரு பிரியாணி அண்டா. கூடாரத்தைச் சுற்றி இன்னும் முப்பது நாற்பது பேர். பக்கத்து அடுப்பில் ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். மரத்தில் கட்டியிருந்த துணிப் பதாகையிலிருந்து, ஏதோ ஒரு மாதா கோயில் தமிழ்ப் பங்கு மக்களின் குடும்பச் சுற்றுலா என்று தெரிந்தது. வாசலில் என் டிஷ்யூ பாக்கெட் அப்படியே இருந்தது. அதைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு மூக்கு விடைத்துவிட்டது.

"இது நம்ம டெண்ட்டுதானா? நல்லாப் பாத்துக்குங்க" என்றாள் காயத்ரி.

"கழிவறைய வச்சு இடம் பிடிச்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

நேராகப் போய் நின்றேன். "எக்ஸ்கியூஸ் மீ. யாரக் கேட்டு உள்ள உட்கார்ந்திருக்கீங்க?"

நடுவில் இருந்த ஆன்ட்டி பதறி எழுந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிலோமினா என்று பெயர், எல்லாரும் அக்கா என்று கூப்பிடுவார்கள் என்பது பிறகு தெரிந்தது. "சார், பார்பிக்யூ அடுப்புக்குப் பெர்மிட் இருக்கு சார். காட்டட்டுமா?"

"நான் அடுப்பப் பத்திக் கேக்கல. டெண்ட்டப் பத்திக் கேக்கறேன்."

அவர் முகம் வெளுத்தது. "டெண்ட்டுக்கு எடுக்கல சார். தெரியாமப் பண்ணிட்டோம் லா. பேபிக்கு டயப்பர் மாத்தத்தான் சார், வேற ஒண்ணும் இல்ல."

டயப்பர். என் கூடாரத்தில். இதற்குமேல் ஒரு மனிதன் எப்படிப் பொறுமையாக இருப்பான்? கிளிப்போர்டை விரலால் தட்டினேன்.

"ரூல் இங்க இருக்கு. முதல்ல வர்றவங்களுக்குத்தான் இடம். காலைல ஆறரைக்கு நானே வந்து எல்லாம் பாத்துட்டுத்தான் போனேன். அப்ப நீங்க யாரும் இல்ல. வாசல்ல டிஷ்யூ இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?"

பிலோமினா அக்கா டிஷ்யூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாரி சார்" என்றார். பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் நடுங்க, "சம்மன் போடுவீங்களா சார்?" என்று கேட்டார். எவ்வளவு பணிவான மக்கள் என்று எனக்கே மனம் இளகிவிட்டது.

"சம்மன் எல்லாம் வேண்டாம். நான் அவ்வளவு மோசமானவன் இல்ல. ஆளும் சாமானும் வெளிய வந்தாப் போதும். டெண்ட் இங்கயே இருக்கட்டும்."

ஐந்து நிமிஷத்தில் காலி. பிரியாணி அண்டாவை நான்கு பேர் தூக்கினார்கள். குழந்தை அரை டயப்பரோடு வெளியேறியது. நான் சமூக ஒழுக்கம் பற்றி இரண்டு நிமிஷம் பேசினேன். எல்லாரும் நின்று கேட்டார்கள். (வீட்டில் இந்த மரியாதை கிடைத்ததே இல்லை.)

அதன்பின் வழிகாட்டிப்படி வேலையைத் தொடங்கினேன். கூடாரத்தின் முன் இருந்த பாயில் ஏகப்பட்ட செருப்புகள். அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எதில் தேள் இருக்கிறதோ யார் கண்டது என்று ஒவ்வொன்றாக எடுத்து உதறி, ஒரு மூலையில் குவித்தேன். பிறகு, திடீர் வெள்ளம் வந்தால் தண்ணீர் ஓட வேண்டுமே என்று கூடாரத்தைச் சுற்றி மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, சரிவில் இழுத்துவிட்டேன். தூரத்தில் அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கூடாரத்துக்குள் காலை நீட்டிப் படுத்தேன். "டியூட்டி டைம்ல தூங்குறான் பாரு" என்று அந்தப் பெரியவர் குரல் கேட்டது. யாரைச் சொல்கிறார் என்று யோசித்தேன். பிடிபடவில்லை.

யாழினி ஐஸ்கிரீம் வண்டியைத் தேடிப் போயிருந்தாள். காயத்ரி வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதோ சரியில்லை என்று முன்பே தட்டியிருக்கிறது. அப்போது பிலோமினா அக்கா ஒரு தட்டில் பிரியாணியோடு வந்தார். மேலே இரண்டு முட்டை.

"சாப்பிடுங்க சார். மேடம், நீங்களும் சாப்பிடுங்க."

"பரவால்ல, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன் பெருந்தன்மையோடு, தட்டை வாங்கியபடி.

"ரொம்ப தேங்க்ஸ் சார். டெண்ட்ட எப்பத் திருப்பித் தருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அது என் மருமகனோடது. போன வாரம்தான் தள்ளுபடில வாங்கினாரு. எந்த ஆபீஸ்ல வந்து எடுத்துக்கணும்?"

முட்டை தொண்டையில் நின்றது. சரியாக அதே நேரம் யாழினி ஓடி வந்தாள்.

"அப்பா, வாட் ஆர் யூ டூயிங் ஹியர்? நம்ம டெண்ட் அங்க இருக்கு, நெக்ஸ்ட் டாய்லெட் பக்கத்துல. என் யூனிகார்ன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. டிஷ்யூ கூட அப்படியே இருக்கு."

இங்கே ஒரு தகவல். அந்தப் பூங்காவில் உள்ள கழிவறைக் கட்டடங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே கூரை, ஒரே ஓடு, ஒரே வாசல். இருபது அடி எண்ணத் தெரிந்தவனுக்கு எந்தக் கட்டடத்திலிருந்து எண்ணினோம் என்று பார்த்துவைக்கத் தோன்றவில்லை.

காயத்ரி தாழ்ந்த குரலில் சொன்னாள். "உங்களப் பார்க் ஆபீசர்னு நினைச்சிட்டிருக்காங்க. குனிஞ்சு உங்களையே ஒரு தடவ பாருங்க."

பார்த்தேன். காக்கி. விசில். கிளிப்போர்டு.

இந்த மாதிரிச் சமயத்தில் பூமி பிளந்து விழுங்க வேண்டும் என்பார்கள். பூமி பிளக்கவில்லை, வானம் பிளந்தது. சிங்கப்பூர் மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. கொட்டத் தொடங்கியதும் நாற்பது பேரும் அலறிக்கொண்டு அருகிலிருந்த ஒரே கூரைக்கு ஓடினார்கள். கழிவறை. நாங்களும் ஓடினோம். அங்கே நின்று பார்த்தால், நான் வெட்டிய வாய்க்கால் மிக அருமையாக வேலை செய்தது. சரிவிலிருந்து வந்த தண்ணீர் முழுவதையும் திரட்டி, அவர்களுடைய கரி மூட்டையின் மேல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஓடிப்போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. கார் பக்கத்தில்தான். ஆனால் காயத்ரி பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஓடினால் டிசம்பர் போயிற்று. அதைவிட, அந்தக் குழந்தை இன்னும் அரை டயப்பரோடுதான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, உண்மையான வெட்கம். தொப்பியைக் கழற்றினேன்.

"அக்கா, நான் ஆபீசர் இல்ல. என் பேரு குமரேசன். ஷிப்பிங் ஆபீஸ்ல வேல செய்றேன். என் டெண்ட் அடுத்த டாய்லெட்கிட்ட இருக்கு. இது என்னோடதுன்னு நினைச்சிட்டேன். சாரி."

அந்தப் பெரியவர், "ஆபீசர் இல்லையா நீ? அப்ப என் செருப்பு எங்க?" என்றார்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு சாரி சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தக் கூரையடியில் வரிசையாக நின்ற ஒவ்வொரு முகமும் என்னையே பார்த்தது. ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். அண்டா தூக்கிய நான்கு பேரிடம் தனித்தனியாக. கரி மூட்டைக்காரரிடம். கூடாரத்துச் சொந்தக்காரரான மருமகனிடம். குழந்தையிடமும் சொன்னேன். பெண்கள் பக்கத்துக் கழிவறைக்குள் இருந்த ஒரு பாட்டிக்கு வெளியே நின்று குரல் கொடுத்தேன். பாதி வரிசைக்கு வரும்போதே சிரிப்பு தொடங்கிவிட்டது. கடைசியில் நின்றவர்கள், "என் டர்ன் வந்துருச்சா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிலோமினா அக்காவுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. "சரி விடுங்க தம்பி. அந்த டிஷ்யூவ மட்டும் குடுங்க. அது சோப் பண்ண வச்சது இல்ல, எனக்குச் சளி" என்றார்.

மழை விட்டதும் என் கரியையும் ஆட்டிறைச்சியையும் அவர்களுடைய அடுப்புக்குக் கொண்டுபோனேன். குவியலிலிருந்து செருப்புகளுக்கு ஜோடி சேர்க்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அவர்கள் நடத்திய சாக்கு ஓட்டப் பந்தயத்துக்கு விசில் ஊதும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். அன்று இரவை எங்கள் கூடாரத்தில்தான் கழித்தேன். முனகவில்லை. முனகுவதற்கு எனக்கு முகமும் இல்லை.

காலையில் காயத்ரி பாயைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். நேற்று முழுக்க எல்லாரோடும் சேர்ந்து சிரித்தவள், இப்போது சிரிக்கவில்லை.

"நாற்பது சாரி. நான் எண்ணினேன். நமக்குக் கல்யாணமாகி பதினோரு வருஷம். எனக்கு ஒண்ணு கூட சொன்னதில்ல நீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள், "இப்பச் சொல்லாதீங்க. கேட்டு வாங்கின மாதிரி இருக்கும். மூணு டிக்கெட் போடுங்க" என்று சொல்லிவிட்டு கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கப் போனாள்.

டிசம்பரில் போனோம். விமானத்தைப் பற்றி நான் பேசத் தயாராக இல்லை. அந்தப் பாலைவனப் பூங்காவில் அச்சுத் தாளில் போட்டிருந்தபடியே எல்லாம் இல்லாமல் இருந்தது. முரளி மச்சான் மரமேசை அருகே நின்று கையசைத்தார். காயத்ரி பையைப் போட்டுவிட்டு ஓடினாள். அருகில் போனதும் சட்டென்று நின்று, அவர் தாடியைத் தொட்டாள்.

"என்னண்ணே, இப்படி நரைச்சிருச்சு?"

"உனக்கு இப்பத்தான தெரியுது" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். வீடியோவில் நரை அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது. ஒரு மனிதனுக்குத் தாடி முழுக்க நரைக்கிற அளவு காலத்தை நான் கழிவறைக்குப் பயந்து தின்று தீர்த்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தபோது சொன்னேன். "சாரி காயத்ரி. எல்லாம் என்னாலதான். ஒன்பது வருஷம்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாற்பத்தொண்ணு" என்றாள்.

மச்சான் என்ன கணக்கு என்று கேட்க, அவளும் யாழினியும் மாறி மாறி முழுக்கதையையும் சொல்லிவிட்டார்கள். மனுஷன் பெஞ்சிலிருந்து சரிந்து மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அவர் எப்போது அழைத்தாலும் வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. "சார், டெண்ட்ட எப்பத் திருப்பித் தருவீங்க?" என்பதுதான் முதல் வார்த்தை. அதன்பின் ஒரு டிசம்பரும் தவறியதில்லை. ஜூன் மாதமே டிக்கெட் எடுத்துவிடுகிறேன், காயத்ரி கேட்பதற்கு முன்பே.